டப்பால 7200னு போட்டிருந்தா 7200 ஓடணுமா?

மே மாசம் முழுக்க நான் உருப்படியா எதுவும் பண்ணல. ரெண்டு ரேம் ஸ்டிக்கை மூணு பேர் கம்ப்யூட்டர்ல மாத்தி மாத்தி சொருகி டெஸ்ட் ஓட விட்டுட்டு உக்காந்திருந்தேன், அவ்ளோதான். யாரும் காசு குடுத்து பண்ணச் சொல்லல. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நான் போனது டிடிஆர்5 6000 கிட் வாங்க (6000ங்கறது ரேமோட ஸ்பீடு நம்பர்), அது அன்னிக்கு ஸ்டாக் இல்ல, "இது 7200ண்ணே, அதைவிட ஸ்பீடு, விலை கொஞ்சம்தான் கூட"ன்னு கடைத் தம்பி சொன்னான், 16 ஜிபி ரெண்டு ஸ்டிக், சிஎல்34 (கேட்ட டேட்டா வர எத்தனை கிளாக் காத்திருக்கணும்ங்கற கணக்கு), நானும் பெரிய நம்பரைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல இருக்கறது ரைசன் 5 7600, பி650 போர்டு, நாலு ஸ்லாட்டு. சிபியு பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் ஸ்டிக்கை போட்டு, பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் மெனு) எக்ஸ்எம்பியை, அதாவது டப்பால போட்ட ஸ்பீடை அப்படியே செட் பண்ணித் தர்ற ப்ரொஃபைலை, ஆன் பண்ணி சேவ் குடுத்தேன். ஸ்கிரீன் கருப்பு. போர்டுல டிராம்னு எழுதியிருக்கற இடத்துல மஞ்ச லைட்டு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், ஃபேன் மட்டும் சுத்துது. டிடிஆர்5ல முதல் தடவை பூட் ஆகும்போது மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு லைனுக்கும் டைமிங்கையும் வோல்டேஜையும் தள்ளித் தள்ளிப் பாத்து எங்க சிக்னல் சரியா படிக்க வருதுன்னு கண்டுபிடிக்கும், அதுக்குப் பேரு ட்ரெயினிங், அதுக்கு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் கை பவர் பட்டன்கிட்டயே போகுது. அந்த நேரத்துல ஆஃப் பண்ணா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், பொறுமையா இருக்கணும். இருந்தேன். கடைசில போர்டே வெறுத்துப்போய் "உன் செட்டிங் வேலைக்கு ஆகல"ன்னு ஒரு மெசேஜ் காட்டிட்டு 4800ல வந்து நின்னுச்சு.

தப்பு என் மேலதான், பயாஸ் அரதப் பழசு. ஏஎம்5, அதாவது இந்த ரைசன் 7000 உக்கார்ற சாக்கெட், வந்தது 2022 செப்டம்பர்ல, அப்போ இருந்த பயாஸ்ல எல்லாம் 6400ஐத் தாண்டறதே பெரிய பாடு, 2023 நடுவுல வந்த அஜீசா (பயாஸுக்குள்ள இருக்கற ஏஎம்டியோட கோடு) 1.0.0.7பிக்கு அப்பறம்தான் 7000, 8000ன்னு ஆளுங்க ஓட்ட ஆரம்பிச்சாங்க. பயாஸை அப்டேட் பண்ணிட்டு மறுபடி எக்ஸ்எம்பி போட்டேன், இந்த தடவை 7200ல பூட் ஆயிடுச்சு. டாஸ்க் மேனேஜர்ல 7200ன்னு பாத்ததும் ஒரு சந்தோஷம் பாருங்க, சொல்ல முடியாது. (சிபியு-இசட்ல பாத்தா 3600ன்னுதான் இருக்கும், பயப்படாதீங்க, கிளாக் 3600, ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போகும், அதனால 7200. பாதி ஸ்பீடுல ஓடுதுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போன ஆளை நானே பாத்திருக்கேன்.)

சந்தோஷம் அரை மணி நேரம்தான். எய்டா64ங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர்ல லேட்டன்சியை, அதாவது கேட்ட டேட்டா வந்து சேர ஆகற நேரத்தை, ஓட்டிப் பாத்தா, அதே ஸ்டிக்கை நான் கையால 6000 சிஎல்30ன்னு செட் பண்ணி ஓட்டினதைவிட 7200ல லேட்டன்சி அதிகமா வருது. மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணி ஓட்டினேன், மூணு தடவையும் அதேதான். 6000ல 70 நானோசெகண்டை ஒட்டி வருது, 7200ல அதுக்கு மேல ஏறி நிக்குது. படிக்கற ஸ்பீடு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஏன்னு கேட்டா விஷயம் ஸ்டிக்குலயே இல்ல. சிப்போட சொந்தக் கணக்குல பாத்தா 7200 சிஎல்34தான் வேகம், சிஎல்லை 2000ஆல பெருக்கி ஸ்பீடால வகுத்தா 9.44 நானோசெகண்ட் வரும், 6000 சிஎல்30க்கு சரியா 10. ஆனா ரைசன்ல மெமரி கன்ட்ரோலரோட கிளாக்னு தனியா ஒண்ணு இருக்கு, யூகிளாக். 6000ல மெமரி கிளாக் 3000, யூகிளாக்கும் 3000, ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணா ஓடும். இந்த ஜோடி 6000, 6200, அதிர்ஷ்டம் இருந்தா 6400 வரைக்கும்தான் தாங்கும். அதுக்கு மேல போனா கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிடும், அதாவது 7200ல மெமரி 3600ல ஓடும், யூகிளாக் 1800. 3000ல ஓடிட்டு இருந்த ஆளு 1800க்கு வந்துட்டான். ஸ்டிக் வேகமா கொண்டுவந்து குடுக்குது, வாங்கி வைக்கறவன் பாதி தூக்கத்துல இருக்கான்.

படிக்கற ஸ்பீடு ஏறாததுக்கு வேற காரணம். 7600ல கோர் எல்லாம் ஒரு சில்லுல இருக்கு, மெமரி கன்ட்ரோலர் பக்கத்துல ஐஓ டைன்னு தனி சில்லுல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஓடறதுதான் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். ஒரு கிளாக்குக்கு 32 பைட்டு அந்த வழியா கோர் பக்கம் வரும், ஃபேப்ரிக் கிளாக் 2000ன்னா விநாடிக்கு 64 ஜிபி. டிடிஆர்5 6000 ரெண்டு சேனல்ல பேப்பர் கணக்குக்கு 96 ஜிபி தரும், 7200 போட்டா 115. தண்ணி லாரி எத்தனை வந்தாலும் நம்ம வீட்டுக் குழாய் அரை இஞ்சுன்னா பக்கெட் ரொம்பற வேகம் அதேதான். கோர் சில்லு ரெண்டு இருக்கற 7900, 7950எக்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு குழாய் ரெண்டு, அவங்க கதை வேற.

7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளயே இருக்கற குட்டி மெமரி) இருக்கறவங்க இதைப் பத்திக் கவலையே பட வேணாம், கேம் கேக்கற டேட்டால பெரும்பகுதி கேஷுக்குள்ளயே கிடைச்சிடும், ரேமுக்கு போற வேலையே கம்மி. அந்த சிபியுவுக்கு 8000 கிட் தேடிட்டு இருக்கறவங்களப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, அந்தக் காசை கிராஃபிக்ஸ் கார்டுல போடுங்கய்யா.

சரி, 6000க்கே வந்துட்டேன், ஆனா நல்ல ஸ்டிக்கு, உள்ள இருக்கற மெமரி சிப்பு ஹைனிக்ஸ் ஏ-டை, சும்மா விட மனசு வரல. டைமிங்கை, அதாவது ரேமோட ஒவ்வொரு வேலைக்கும் நடுவுல விடற நேரத்தை, இறுக்க ஆரம்பிச்சேன். இங்கதான் அந்த மே மாசக் கூத்து.

ராத்திரி பதினொரு மணிக்கு டெஸ்ட்மெம்5ங்கற ரேம் டெஸ்ட்டை எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக்ல போட்டுட்டு ஏசியைப் போட்டுட்டு படுத்துட்டேன். காலைல பாத்தா ஒரு எரர் இல்ல. அடுத்த நாள் ராத்திரி ஒய்-க்ரஞ்சர்ல விடி3ங்கற இன்னொரு டெஸ்ட்டு, அதுவும் பாஸ். அம்மா காலைல காபி குடுக்கும்போதே "ராத்திரி பூரா அதை ஓட விட்டுட்டுத் தூங்கறியே, கரண்ட் பில்லை யாருடா கட்டறது"ன்னு ஆரம்பிச்சாங்க, "முடிஞ்சிடுச்சும்மா, இனிமே இல்ல"ன்னு சொல்லிட்டேன். மூணாவது நாள் மத்தியானம் ஒரு பெரிய ஜிப் ஃபைலைப் பிரிச்சா சிஆர்சி எரர், அதாவது ஃபைலோட டேட்டா தப்பா வந்திருக்கு. மறுபடி பிரிச்சா சரியா வருது. மறுபடி பண்ணா வேற ஃபைல்ல எரர். வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா இப்படி வர்ற எரர் நம்ம கண்ணுல பட்டது ஒண்ணுன்னா, படாம ஏற்கனவே டிஸ்குல எழுதப்பட்டது எத்தனைன்னு யாருக்குத் தெரியும்.

உடனே அதே டெஸ்ட்மெம்5ஐ அந்த மத்தியான நேரத்துலயே போட்டேன். ரூம்ல ஏசி இல்ல, வெளிய சென்னை வெயில், ஜன்னல் திறந்தா அனல். ஒண்ணே முக்கால் மணி நேரத்துல எரர் கொட்டுது. ராத்திரி பாஸ் ஆன அதே செட்டிங், ஒரு நம்பர் மாத்தல.

டிடிஆர்5 ஸ்டிக்குலயே டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, எச்டபிள்யூ இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல எஸ்பிடி ஹப்னு காட்டும். ராத்திரி அது 44 டிகிரி, மத்தியானம் 58. நான் மாத்தின டைமிங்ல ஒண்ணு டிரெஃபி. ரேம் சிப்புக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்ல சார்ஜா இருக்கு, அது ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிட்டே இருக்கும், முழுசா காலியாகறதுக்குள்ள திரும்ப ரொப்பணும், அதுதான் ரெஃப்ரெஷ். எத்தனை நேரத்துக்கு ஒருதடவை அந்த வேலை நடக்கணும்ங்கறது டிரெஃபி. ஸ்டாண்டர்டு படி 3.9 மைக்ரோசெகண்ட், 6000ல அது 11700 கிளாக். ரெஃப்ரெஷ் நடக்கும்போது ரேம் வேற வேலை செய்யாது, அதனால இடைவெளியை நீட்டினா லேட்டன்சி நல்லா குறையும், எல்லாரும் 65535ன்னு கடைசி வரைக்கும் நீட்டி விடுவாங்க, நானும் விட்டேன், அது கிட்டத்தட்ட 22 மைக்ரோசெகண்ட். ஏசி ரூம்ல குடம் அவ்ளோ நேரம் தாங்குது. சூடு ஏறினா ஒழுகற வேகம் ஏறும். மத்தியானம் தாங்கல. விஷயம் இவ்ளோதான், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேம் ஆடும்போது அது விடற சூடெல்லாம் நேரா மேல ரேம் மேலதான் வரும். அதனால நான் இப்போ மெமரி டெஸ்ட் ஓடும்போதே கார்டுக்கும் ஒரு லோடு குடுத்துதான் பாக்கறேன், மத்தியானம், ஏசி இல்லாம. டிரெஃபியை 32000 கிட்ட இறக்கினேன், வோல்டேஜை 1.4ல இருந்து 1.35க்கு கொண்டுவந்தேன், ஒரு பழைய ஃபேனை ஜிப் டை போட்டு ஸ்டிக்குக்கு மேல கட்டினேன், பாக்க அசிங்கமாத்தான் இருக்கு. எரர் போயிடுச்சு.

"டிடிஆர்5ல ஈசிசி இருக்கே, அப்பறம் எதுக்கு டெஸ்ட்டு"ன்னு ஒரு ஃப்ரெண்டு கேட்டான். இருக்கறது ஆன்-டை ஈசிசி, சிப்புக்குள்ள 128 பிட்டுக்கு 8 பிட்டு கூட வச்சு ஒரு பிட்டு தப்பானா உள்ளயே சரி பண்ணிக்கும். சிப்புல இருந்து கிளம்பி போர்டு வழியா சிபியுவுக்குப் போற வழியில தப்பானா அதுக்குத் தெரியாது, ஓவர்கிளாக் பண்ணும்போது, அதாவது கம்பெனி சொன்னதைவிட வேகமா ஓட்டும்போது, பாதி பிரச்சினை அந்த வழியிலதான்.

இன்னொண்ணு, புது செட்டிங் எதைப் போட்டாலும் முதல்ல விண்டோஸுக்குள்ள போகாதீங்க. மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல போட்டு அதுல பூட் பண்ணி ஒரு ரவுண்டு பாருங்க. தப்பான ரேமோட விண்டோஸை பூட் பண்ணா அது எழுதற ஃபைலும் தப்பா எழுதும், அப்பறம் ரேமை சரி பண்ணாலும் விண்டோஸ் சரியாகாது, நான் ஒரு தடவை மொத்தமா ரீஇன்ஸ்டால் பண்ணியிருக்கேன்.

ஃபேப்ரிக் கிளாக்கை 2200 வரைக்கும் ஏத்திப் பாத்த கதையும் உண்டு. எரரே வரல, ஆனா ஒய்-க்ரஞ்சர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டைம் காட்டுச்சு, சில தடவை 2000ல ஓடினதைவிட மெதுவா. 2133ல நிம்மதியா ஓடுது, விட்டுட்டேன். எஸ்ஓசி வோல்டேஜ்ல (மெமரி கன்ட்ரோலருக்குப் போற வோல்டேஜ்) மட்டும் எச்சரிக்கையா இருங்க, 2023 ஏப்ரல்ல 7000 எக்ஸ்3டி சிப்பு சிலது கருகிப் போனதுக்கு அப்பறம்தான் ஏஎம்டி அதை 1.3ல பூட்டு போட்டுச்சு, எனக்கு 1.2யே போதுமா இருக்கு.

இவ்ளோ ஆனதும் எனக்குள்ள ஒரு கேள்வி, இந்த ஸ்டிக்கு நிஜமாவே 7200 ஓடுமா, இல்ல டப்பால சும்மா போட்டிருக்கானா? மடிப்பாக்கத்துல மாமா பையன் இருக்கான், வீடியோ எடிட்டிங் பண்றவன், ஐ5 13600கே, இசட்790 போர்டு. "மச்சான், ஒரு சனிக்கிழமை மட்டும் உன் மெஷினைக் குடு"ன்னேன், "ஒரு ப்ராஜெக்ட் ரெண்டர்ல இருக்கு மாப்ள, ஏதாவது ஆச்சு கொன்னுடுவேன்"னான், பிரியாணி வாங்கித் தரேன்னு சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன்.

மொதல்ல பயாஸ் எந்த வெர்ஷன்னு பாத்தேன். 13, 14ஆம் தலைமுறை இன்டெல்ல வோல்டேஜ் அதிகமாகி சிப்பு மெல்ல கெடற பிரச்சினை 2024ல பெருசா வெடிச்சுது, அதுக்கு பயாஸ் வழியா மைக்ரோகோடு அப்டேட் எல்லாம் விட்டாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க, அந்த அப்டேட் இல்லாத மெஷின்ல எரர் வந்தா ரேமா சிபியுவான்னு தலையைப் பிச்சுக்கணும். இவன் மெஷின்ல அப்டேட் ஏற்கனவே இருந்துச்சு.

எக்ஸ்எம்பி ஆன், சேவ், ஒரு நிமிஷம் கூட ஆகல, 7200ல வந்து நின்னுச்சு. எய்டால படிக்கற ஸ்பீடு 100 ஜிபியைத் தாண்டிடுச்சு. அதே ஸ்டிக்கு! இங்கயும் கன்ட்ரோலர் பாதி கிளாக்லதான் ஓடுது, கியர் 2ன்னு சொல்வாங்க, கணக்குக்கு அதே 1800தான், ஆனா இந்த சிபியு ஒரே சில்லு, கோரும் கன்ட்ரோலரும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கு, நடுவுல அந்த அரை இஞ்சு குழாய் இல்ல. என் மெஷின்ல 7200 வீணாப் போனது, இங்க வேலைக்கு வருது.

டெஸ்ட்மெம்5 பாஸ். பிரியாணி சாப்ட்டோம். அப்பறம் ஒய்-க்ரஞ்சர் விடி3 போட்டேன், நாலு நிமிஷத்துல அவுட். வோல்டேஜை அங்க இங்க தட்டி சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டினேன், பத்து நிமிஷம் வரைக்கும் போச்சு, அதுக்கு மேல போகல. 7000ல அரை மணி நேரம் தாங்கி விழுந்துச்சு. 6800ல போட்டேன், ராத்திரி வரைக்கும் அசையல. நாலு ஸ்லாட்டு போர்டுல காலியா இருக்கற ரெண்டு ஸ்லாட்டும் லைன்ல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், சிக்னலைக் கொஞ்சம் கெடுக்கும், அதுக்குத்தான் ஓவர்கிளாக் பைத்தியங்க ரெண்டே ஸ்லாட்டு இருக்கற போர்டைத் தேடி வாங்கறது. சிபியுவோட கன்ட்ரோலரும் ஆளுக்கு ஆள் மாறும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, 13600கேவுக்கு இன்டெல் வாக்குக் குடுத்தது 5600 வரைக்கும்தான், 7600க்கு ஏஎம்டி குடுத்தது 5200தான். எக்ஸ்எம்பி, அதே மாதிரி ஏஎம்டியோட எக்ஸ்போ, எல்லாமே ஓவர்கிளாக் கணக்கு, டப்பால இருக்கற 7200 ஸ்டிக்கைப் பத்தின பேச்சு மட்டும்தான், நம்ம சிபியுவையும் போர்டையும் கேட்டுட்டு எழுதினது இல்ல.

மூணாவதா ஆபீஸ்ல ஒரு பையன்கிட்ட கோர் அல்ட்ரா 7 265கே. அங்க சொல்றதுக்கு பெருசா ஒண்ணுமில்ல, 7200 போட்டதும் ஓடுச்சு, எல்லா டெஸ்ட்டும் பாஸ். பேண்ட்வித் நல்லா இருக்கு, ஆனா லேட்டன்சி 80 நானோசெகண்டுக்கு மேல, ஏன்னா இன்டெல்லும் இப்போ கன்ட்ரோலரைத் தூக்கி வேற டைல்ல, அதாவது தனிச் சில்லுல, வச்சுட்டாங்க. 2025 ஏப்ரல்ல 200எஸ் பூஸ்ட்னு ஒரு ப்ரொஃபைல் விட்டாங்க, 8000 வரைக்கும் மெமரி, டைலுக்கு நடுவுல இருக்கற இணைப்பு 3.2 கிகாஹெர்ட்ஸ், அதுவும் வாரண்டிக்குள்ள. அதை ஆன் பண்ணதும் லேட்டன்சி கொஞ்சம் இறங்குச்சு. "அண்ணா, சியுடிம் வாங்கவா"ன்னு கேட்டான், அது ஸ்டிக்குலயே கிளாக் சிக்னலைப் புதுப்பிச்சுத் தர்ற சிப்பு வச்சு வர்றது, 8000க்கு மேல போற ஆசை இருந்தா வாங்கு, இல்லன்னா இதுவே போதும்னு சொல்லிட்டேன். ஏஎம்5ல அதைப் போட்டா அந்தச் சிப்பை பைபாஸ் பண்ணிட்டுதான் ஓடும், சும்மா தண்டம்.

நடுவுல ஒரு சொந்தக்காரர் போன் பண்ணி, ரெண்டு ஸ்டிக்கு இருக்கு, இன்னும் ரெண்டு வாங்கி நாலு ஸ்லாட்டையும் ரொப்பிடவா தம்பின்னு கேட்டார், அவர்கிட்ட இருக்கறதும் ரைசன் 7000. வேணாம் சித்தப்பா, நாலு போட்டா ஏஎம்டி சொல்ற ஸ்பீடு 3600தான், இருக்கறதை வித்துட்டு 32 ஜிபி ஸ்டிக்கு ரெண்டா வாங்குங்கன்னு சொன்னேன். அவர் நாலும் வாங்கிட்டார். இப்போ மஞ்ச லைட்டைப் பாத்துட்டு எனக்குத்தான் போன் பண்றார்.

கடைசில என்ன பண்ணோம்னா, மச்சான்கிட்ட இருந்தது 6000 சிஎல்30 எக்ஸ்போ கிட்டு, அதை நான் வாங்கிக்கிட்டு என் 7200ஐ அவன்கிட்ட குடுத்துட்டேன், மேல கொஞ்சம் காசு குடுத்தான். என் மெஷின்ல எக்ஸ்போ ஆன் பண்ணதும் அப்படியே 6000 ஓடுது, மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் போட்டு வச்சிருக்கேன், அதனால ஒவ்வொரு பூட்டுக்கும் ட்ரெயினிங்னு உக்காந்து வேடிக்கை பாக்க வேணாம். ஜிப் டை ஃபேன் இன்னும் அங்கயேதான் இருக்கு. அவன் மெஷின்ல 6800ல வச்சுட்டு வந்தேன், ரெண்டர் எல்லாம் நல்லாத்தான் போகுது, ஆனா போன வாரம் கூட போன் பண்ணி கேக்கறான், "டப்பால 7200ன்னு போட்டிருக்கே மாப்ள, மீதி 400 எங்கடா?"